ஜான் மக்ரெகர் சரிதை

உலகில் பெரியோர் பலர் தோன்றியுளர். அவருள் நாடாண்டோர் சிலர். படை நடத்தினோர் சிலர். நூல் யாத்தோர் சிலர். ஒரு சிறு ஓடத்தில் தனியே அமர்ந்து, ஒரு துடுப்பையே துணையாகக் கொண்டு, ஆறும் ஏரியும் கடலும் சுற்றிவந்து, அதனை எளிய நடையில் எழுதிவைத்து, அவ்வெழுத்தினாலேயே பல்லாயிரவரை நீரின்மேற் செலுத்திய ஒருவரும் உளர். அவரே ஜான் மக்ரெகர் என்னும் ஆங்கில நாட்டுப் பெரியார். கயாக் என வழங்கும் மூடோடத்திற் கடற்கரையோரம் செல்வோர் இக்காலத்தில் பற்பல தேசங்களிலும் மலிந்துள்ளனர். அவ்விளையாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் யாவரும் இவருடைய பெயரைக் கடந்து செல்ல இயலாது. ஆதலின் அவருடைய சரிதையை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

மக்ரெகர் 1825-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் நாள் கிரேவ்ஸெண்ட் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் டங்கன் மக்ரெகர் பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். குழந்தைக்கு ஐந்து வாரம் நிரம்புமுன்னரே, தாயும் தந்தையும் அதனை ஏந்திக்கொண்டு, வங்காளத்திற்குப் புறப்பட்ட கெண்ட் என்னும் பெருங்கப்பலில் ஏறினர். கப்பலில் இருந்தோர் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர். பிஸ்கே விரிகுடாவைச் சேர்ந்தபோது பெரும்புயல் எழுந்தது. கப்பலின் அடித்தட்டிற் சாராயப் பீப்பாய்கள் உருண்டன. அவற்றைப் பார்வையிடச் சென்ற அதிகாரியின் கைவிளக்கு நழுவி விழ, சிந்திய சாராயம் தீப்பற்றியது. மேலே புயல், கீழே நெருப்பு, சுற்றிலும் கடல். அது மார்ச்சு மாதம் முதல் நாள்.

இனிப் பிழைப்பதற்கு வழியில்லை என்று கருதிய மேஜர், கப்பலின் நிலையை ஒரு சீட்டில் எழுதிப் புட்டியில் இட்டு வைத்தார். அந்நிலையில் காம்பிரியா என்னும் ஒரு சிறு கப்பல் அவ்வழியே வந்தது. அதன் தலைவர் தம் உயிரையும் பொருட்படுத்தாது, எரியுங் கப்பலின் அண்மையில் நின்று, படகு படகாக மக்களை ஏற்றிக்கொண்டார். பெண்டிரும் குழந்தைகளும் முதலில் இறக்கப்பட்டனர். அவ்வாறு முதற் படகிற் சேர்க்கப்பட்டவருள் நம் மக்ரெகரும் ஒருவர். ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர், எஞ்சியோர் மாண்டனர். புட்டியோ கடலலைகளால் அலைப்புண்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்படோஸ் தீவின் கரையில் ஒதுங்கியது. பிறர் கையால் மீட்கப்பட்ட உயிர் இது என்னும் எண்ணம் மக்ரெகருடைய வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை என்பதனை அவருடைய செய்கைகளிலிருந்து நாம் உணரலாம்.

வளர்ந்த பின்னர் இவர் டப்ளின் நகரிலும், பின்பு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கல்வி பயின்றார். கணிதத்திற் சிறப்புடன் தேறி 1847-இல் பட்டம் பெற்று, 1851-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்யப்பெற்றார். புதிய கருவிகளுக்குரிய காப்புரிமைச் சட்டத்தில் வல்லுநரானார். ஆயினும் பொருளீட்டுதலில் அவர் மனம் செல்லவில்லை. லண்டன் மாநகரின் தெருக்களில் கந்தலுடுத்துத் திரிந்த சிறுவர்களைக் கண்டு அவர் உள்ளம் உருகியது. 1851-இல் அந்நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றபோது, அயல்நாட்டார் திரளாக வந்தனர். அச்சிறுவர்களுக்குச் செந்நிறச் சட்டை அணிவித்து, வழிப்போக்கருடைய பாதரட்சைகளைத் துடைத்து மெருகிடும் தொழிலை அவர்க்கு அமைத்துக் கொடுத்தோருள் இவரே முதன்மையானவர். சிறுவர் ஈட்டிய காசில் ஒரு பங்கு அவர் கையிலும், ஒரு பங்கு சங்கத்திற்கும், ஒரு பங்கு அவர் பெயரால் சேமிப்பிலும் சேர்ந்தது. இரந்து நின்ற சிறுவர் உழைத்து உண்ணக் கற்றனர். இத்தகைய பணிகளில் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவுடன் இவர் தோழமை பூண்டு உழைத்தார்.

இனி, இவருக்குப் புகழ் ஈந்த ஓடத்தின் வரலாற்றைக் கூறுவாம். மக்ரெகர் 1858-இல் வட அமெரிக்காவிற்குச் சென்றிருந்தார். அந்நாட்டுப் பழங்குடிகளின் ஓடங்களை ஆங்கு நேரிற் கண்டார். வடதுருவத்தை அடுத்து வாழும் இனூயிட் மக்கள் மரச்சட்டங்களால் ஓடத்தின் கூடமைத்து, அதன்மேற் கடல்நாயின் தோலைப் போர்த்து, ஒருவன் அமர்வதற்கு வேண்டிய வாய் ஒன்றை மட்டும் விட்டு, மற்றைய இடமெல்லாம் மூடிவிடுவர். இருபுறமும் அலகுடைய ஒரே துடுப்பினால் அதனைச் செலுத்துவர். அதுவே கயாக். அவ்வமைப்பைத் தழுவி, மரத்தால் ஓர் ஓடம் செய்விக்க மக்ரெகர் எண்ணினார். லம்பெத்தில் இருந்த ஸெர்ல் என்னும் ஓடத்தச்சர் 1865-இல் அதனைச் செய்து முடித்தார். அடிப்பாகம் ஓக் மரம், மேல்மூடி தேவதாரு. நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், ஆழம் 9 அங்குலம், எடை 80 இராத்தல். துடுப்பின் நீளம் 7 அடி. ஜெர்மனி நாட்டுப் புகைவண்டியில் ஏற்றுதற்கு ஒத்த அளவாக அந்நீளம் வரையறுக்கப்பட்டது. சிறு பாயும் உண்டு. தம் குலத்திற் புகழ்பெற்ற முன்னோர் ஒருவரை நினைந்து, ராப் ராய் என அதற்குப் பெயரிட்டார். மூன்று மாத யாத்திரைக்கு அவர் எடுத்துச் சென்ற மூட்டை ஓரடிச் சதுரமுள்ள பை ஒன்றே எனின், அவருடைய எளிமையை என்னென்பது!

இவ்வோடத்தினால் விளையும் நன்மைகளை அவர் நன்கு சிந்தித்திருந்தார். இரு துடுப்புத் தண்டு வலிப்பவன் சென்ற வழியை நோக்கியிருப்பானேயன்றிச் செல்லும் வழியை நோக்கான். கயாக்கில் அமர்ந்தவனோ முன்னோக்கிச் செல்கின்றான். பாறையும் சுழியும் அவன் கண்ணுக்குத் தப்பா. மூன்றங்குல நீரிலும் அது மிதக்கும். ஒடுங்கிய வாய்க்காலிலும் நுழையும். அணை குறுக்கிட்டால் இறங்கித் தூக்கிச் செல்லலாம். காற்று வாய்த்தால் துடுப்பை வைத்துவிட்டுப் பாயை விரிக்கலாம்.

1865-ஆம் ஆண்டு வேனிலில் தேம்ஸ் நதியிற் புறப்பட்டார். ஐரோப்பாக் கண்டத்தை அடைந்து, ஸாம்பர், மியூஸ், ரைன், மைன் என்னும் ஆறுகளிற் சென்றார். டான்யூப் நதியை அதன் தலையூற்றின் அருகிலேயே பற்றி, உல்ம் நகர்வரை மிதந்தார். கான்ஸ்டன்ஸ், ஜூரிச், லூஸர்ன் முதலிய ஏரிகளைக் கடந்தார். ராய்ஸ் நதியின் கடுவிரைவில் உயிருக்கு அஞ்சும்படியான இடர்களையும் கண்டார். மோஸெல், மார்ன் ஆறுகளின் வழியே இறுதியிற் பாரிஸ் நகரை அடைந்தார். ஓரிடத்தில் ஓடம் அவரைச் சுமக்கும். மற்றோரிடத்தில் மாட்டுவண்டி ஓடத்தைச் சுமக்கும். வேறோரிடத்தில் புகைவண்டி இருவரையும் சுமக்கும். ஊர்தோறும் மக்கள் இவ்விந்தையைக் காணக் கரையிற் குழுமினர்.

இல்லம் மீண்டதும் அவ்வரலாற்றை நூலாக எழுதினார். ராப் ராய் ஓடத்தில் ஆயிரம் மைல் என்பது அதன் பொருள்படும் பெயர். 1866-இன் தொடக்கத்தில் வெளிவந்த அந்நூல் பதிப்பின்மேற் பதிப்பாக விற்பனையாயிற்று. இதற்குக் காரணம் யாது? அவர் அரசரல்லர், ஆராய்ச்சிக் கப்பலும் படையும் உடையவரல்லர். ஒரு தனிமனிதன் சிறு பொருட்செலவில் செய்தற்குரியதைச் செய்து, எவ்வாறு செய்தேன் என்று அளவும் எடையும் படமும் காட்டி எழுதினார். படித்தோர் வியந்ததோடமையாமல், தாமும் செய்யலாகும் என்று துணிந்தனர். அந்நூலின் ஆற்றல் இதுவே. அவ்வாண்டிலேயே ஓடக்காரர் சங்கம் ஒன்று லண்டனில் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அதன் தலைமையை ஏற்றார். பின்னர் அது அரசச் சிறப்புப் பெயரும் பெற்று, இன்றளவும் நிலவுகின்றது. 1871-இல் நியூயார்க்கிலும் அத்தகைய சங்கம் தோன்றிற்று. ராப் ராய் என்னும் பெயர் ஓர் ஓடத்தின் பெயராக நில்லாமல், அவ்வகை ஓடங்களனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று.

மக்ரெகர் அவ்வளவில் ஓய்ந்தாரல்லர். 1866-இல் முன்னதினும் சிறிய ஓடமொன்றில் நார்வே, ஸ்வீடன், டென்மார்க்கு நாடுகளின் நீர்நிலைகளிலும், பால்டிக் கடலோரத்திலும் உலாவினார். மறு ஆண்டில் 21 அடி நீளமுள்ள பாய்ப்படகொன்றில், சமையலும் உறக்கமும் அதனுள்ளேயே கொண்டு, தனியராய்ப் பாரிஸ் நகர்க்குச் சென்று, ஆங்கிலக் கால்வாயைத் தனியராகவே கடந்து மீண்டார். இவ்விரு யாத்திரைகளும் நூல்களாயின.

அவருடைய யாத்திரைகளுள் அரியது 1868-இல் தொடங்கிய கீழ்நாட்டு யாத்திரையே. இதற்கென அமைத்த ஓடத்தில் இரவிற் படுத்துறங்கவும் வசதி இருந்தது. அப்பொழுது சூயஸ் கால்வாய் வெட்டி முடியவில்லை. அதன் வழியேயும், செங்கடலிலும், நைல் நதியின் கழிமுகத்திலும் ஓடஞ் செலுத்தினார். பின்பு சிரியா நாடடைந்து, லெபனோன் மலைமேல் ஓடத்தைக் குதிரையின்மீது ஏற்றிக் கடத்தித் தமாஸ்குவின் ஆறுகளிற் சென்றார். அதன்பின் யோர்தான் நதியை அதன் ஊற்றுக்கண்களிலிருந்து தொடர்ந்தார். ஊலே என்னும் ஏரிக்கு வடக்கே நாணற்காடு அடர்ந்து, நதி செல்லும் வழி எவர்க்கும் புலனாகாது மறைந்திருந்தது. அதனை ஓடத்தினின்றே அளந்து படம் வரைந்தார்.

அவ்விடத்தில் அராபியர் கூட்டமொன்று அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் ஓடத்தைவிட்டு இறங்க மறுத்தார். அவர்களோ ஓடத்தையும் அவரையும் சேர்த்தே தோளில் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் தலைவனுடைய கூடாரத்தில் வைத்தனர். மக்ரெகர் சினங்கொள்ளவுமில்லை, துப்பாக்கியை நாடவுமில்லை. ஒரு சிமிழிலிருந்த வெண்பொடியைத் தலைவனுக்கு நீட்டினார். சர்க்கரை என்று கருதி அவன் வாயிலிட்டான். அது உப்பு! உப்பைப் பகிர்ந்துண்டோரிடை நட்பு உண்டாயிற்று என்பது அந்நாட்டார் கொள்கை. உப்பிட்டவரை மறவாத நம் நாட்டார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? சிரிப்பு எழுந்தது, பகை அகன்றது. பின்னர்க் கலிலேயாக் கடலின் கரை முழுவதையும் சுற்றி ஆராய்ந்து, 1869-இல் நூல் வெளியிட்டார்.

நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் வந்த பொருளைத் தருமங்களுக்கு ஈந்தார். கடலில் மடிவோரைக் காக்கும் உயிர்மீட்புப் படகுச் சங்கமும் அவற்றுள் ஒன்று. காம்பிரியாவின் தலைவருக்குத் தாம் பட்ட கடனை இவ்வாறு தீர்த்தார் போலும். 1870-இல் லண்டன் கல்விக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழைச் சிறுவர் கல்விக்குழைத்தார். 1873-இல் மணம்புரிந்து, இரு பெண்மக்களைப் பெற்றார். 1892-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பாஸ்கோம் என்னும் கடலோர ஊரில் உலக வாழ்வை நீத்தார்.

அவர் இட்ட வித்து எவ்வாறு விளைந்தது என்பதனையும் நோக்குவோம். அவர் நூல்கள் தோன்றிய சில ஆண்டுகளில், 1876-இல், ஸ்டீவன்ஸன் என்னும் எழுத்தாளர் நண்பரொருவருடன் இத்தகைய ஓடங்களில் பெல்ஜியம், பிரான்சு நாடுகளிற் சென்று, 1878-இல் தம் முதல் யாத்திரை நூலை வெளியிட்டார். நூல் ஓடத்தைப் பிறப்பித்தது. ஓடம் மற்றொரு நூலைப் பிறப்பித்தது. 1927-இல் ஆஸ்திரிய நாட்டார் பாவ்லாட்டா என்பவர், கவிழ்ந்த கயாக்கை அமர்ந்தபடியே மீண்டும் நிமிர்த்தும் இனூயிட் வித்தையைப் பயின்றார். ஆசிரியர் ஒருவரும் அவர்க்கிலர்; துருவ யாத்திரிகர் எழுதிய நூல்களைப் படித்தே ஏரியிற் பழகினார். மக்ரெகர் டான்யூப் யாத்திரையை முடித்த உல்ம் நகரிலிருந்தே, 1932-இல் ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் மடக்கோடத்திற் புறப்பட்டு, இந்தியா, இலங்கைக் கரைகளையும் கடந்து, 1939-இல் ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவுகளை அடைந்தார்.

ஆயினும் ஒன்று கூறாதொழியின் உண்மைக்குக் குறைவு உண்டாகும். கயாக்கை ஆக்கியவர் மக்ரெகர் அல்லர். பனிக்கடலில் உணவு தேடி, தலைமுறை தலைமுறையாக அதனைத் திருத்திவந்த இனூயிட் வேடர்களே ஆக்கியோர். அவர்கள் நூல் எழுதவில்லை. ஆதலின் அவர் பெயர்களை நாம் அறியோம். எழுதியவர் பெயர் நின்றது. செய்தவர் பெயர் மறைந்தது. அன்றியும், அவ்வேடர்க்கு அது விளையாட்டன்று, வயிற்றுப்பாடு. நூலைப் படித்து நீரில் இறங்குவோர் அந்நீரின் கொடுமையையும் உணரல் வேண்டும். கேம்பிரிட்ஜிற் பயின்ற ஜினோ வாட்கின்ஸ் கிரீன்லாந்து மக்களிடமே கயாக் வித்தையைத் திறம்படக் கற்றவர். அவரும் 1932-இல் 25 வயதிலே தனியே வேட்டைமேற் சென்று மீளவில்லை, வெற்றோடமே மிதந்தது. தனிமை இனியது, ஆனால் கடல் எவர்க்கும் உறவன்று.

மாணவ நண்பர்காள்! மக்ரெகர் சரிதையினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. பெரும்பொருளும் பெருந்துணையும் இல்லாவிடினும், முன்னோக்கி அமர்ந்து தன் கையாலேயே துடுப்பிடுவோன் நெடுந்தூரம் செல்வான் என்பது ஒன்று. தான் கண்டதையும் செய்ததையும் மறையாது, மிகையாது எழுதிவைப்பின், அவ்வெழுத்து தன்னைக் காணாத நாட்டிலும் தான் அறியாத ஒருவனைக் கரையினின்று எழுப்பும் என்பது மற்றொன்று. ஐந்து வாரக் குழந்தையை எரியுங் கப்பலினின்று ஏந்தி வாங்கிய கைகள் எவருடையனவோ நாம் அறியோம். அக்கைகளின் பயனாக இத்தனை ஓடங்கள் நீரில் இறங்கின. நாமும் நம்மால் இயன்ற அளவு பிறர்க்குக் கை நீட்டுவோமாக.