இடுப்பில் தெரிந்ததும், சட்டைக்குள் மறைந்ததும்

போடிமெட்டு ஏறுறப்போ ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. 1911-ல் ஏலக்காய் மலைக்கு வந்துபோன வெள்ளைக்காரத் துரை, இடுப்பில் கைத்துப்பாக்கி தெரிய போடி கடைத்தெருவில் நடக்கலாம். 1878 ஆயுதச் சட்டப்படி அவருக்கு லைசென்ஸ் வேண்டாம். நம்ம பூட்டன் அப்படி நடந்திருந்தா நேரா ஜெயில்தான்.

அந்தக் காலத்து ஆள்தான் வாஞ்சிநாதன். 1886-ல் செங்கோட்டையில் பிறந்தவர். இதே மலைத்தொடரின் தெற்கே, புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறை வேலை. பொன்னம்மாளோட குடும்பம். சத்தமில்லாம காலம் தள்ளியிருக்கலாம். ஆனா வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் என்று ஆஷ் துரை மேல் தென்மாவட்டமே கொதித்தது. நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசிய சங்கத்தில் வாஞ்சி சேர்ந்தார். பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார்.

1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன். கலெக்டர் ஆஷ் மனைவியோட கொடைக்கானலுக்குக் கிளம்பி, முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சியிடம் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அத்தனை பேர் நடுவே அதை மறைச்சுக்கிட்டு நின்ன நிமிஷங்கள்தான் என்னை விடாம உறுத்துது. ஒரு போலீஸ்காரர் தடவிப் பார்த்திருந்தா கதையே வேற.

சுட்டார். ஓடிப்போய் ஸ்டேஷன் கழிவறையில் தன்னையும் சுட்டுக்கிட்டார். வயசு 25. சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் மத வார்த்தைகள் பற்றி இன்னைக்கும் வாக்குவாதம் ஓயலை, ஓயவும் வேண்டாம்.

ஆஷ் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கு. ஸ்டேஷன் பேர் இப்போ வாஞ்சி மணியாச்சி.