ஜெனோவா நகரில் மாஜினியின் கல்லறை

பாரதியார் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் மாஜினி என்னும் பெயரைக் கடவாது செல்லல் இயலாது. இத்தாலிய இளைஞர் சங்கத்திற் சேர்வோர் செய்யவேண்டுமென அவர் வகுத்த பிரதிக்கினையைப் பாரதியார் தமிழ்ச் செய்யுளாக்கி வைத்துள்ளார். முப்பதாண்டுக்கு அணித்தாக அதனைப் படிப்பித்துவந்த நான், அவர் யாரென வினவிய மாணாக்கர்க்கு, இத்தாலியின் விடுதலைக்கு உழைத்த பெரியார் என ஒரே வாக்கியத்தில் விடைகூறி அப்பாற் செல்வதே வழக்கம். அவ்வொரு வாக்கியம் எத்துணை வறியது என்பதை ஜெனோவா நகரத்துச் சேமக்காலையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

என் தமக்கையாரின் மகன் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் வாழ்கின்றான். நம்மவர் பலர் தொழில் தேடிக் குடியேறிய நகரம் அது. அவனிடம் சென்றிருந்த நான் என் விருப்பத்தைக் கூற, அவனும் உடன்வர, இருவருமாகக் கப்பலேறி ஜெனோவாவை அடைந்தோம். பிசாஞ்ஞோ ஆற்றங்கரையிலுள்ள ஸ்தாலியேனோச் சேமக்காலை, பளிங்குச் சிலைகளுக்குப் பெயர்போனது. வருவோரிற் பெரும்பாலார் அச்சிலைகளைக் கண்டு திரும்பிவிடுவர். மாஜினியின் கல்லறை அவற்றுக்கு மேலே, மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் உள்ளது. குறுகித் தடித்த இரு தூண்கள். அவற்றின்மீது கிடந்த கல்லிற் பொறித்த பெயர். பளிங்கின் பகட்டைக் கண்டு வந்த கண்ணுக்கு அந்த எளிமை ஆறுதலாயிருந்தது.

அவர் இந்நகரிலேயே 1805ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி பிறந்தார். தந்தையார் மருத்துவர், உடற்கூற்றியற் பேராசிரியர். தாயார் மரியா திராகோ. 1821ஆம் ஆண்டு, பதினாறு வயது நிரம்பாத சிறுவனாகத் தாயாருடன் வீதியிற் செல்லுங்கால், தோற்றுப்போன கிளர்ச்சியொன்றிற் பங்குகொண்டு நாடுகடந்து செல்வோர்க்காக ஒருவர் கையேந்தி நின்று பொருள் திரட்டக் கண்டார். தாயார் ஈந்தார். அம்முகங்கள் சிறுவன் நெஞ்சை விட்டகலவில்லை. நாட்டின் பொருட்டுத் துக்கங்காப்பவர்போல அன்று தொட்டுக் கறுத்த ஆடையே அணியலானார். 1830இல் இரகசிய சங்கத்தவர் எனச் சிறைப்பட்டுச் சவோனாக் கோட்டையில் அடைக்கப்பட்டார். மறுவருடம், சிற்றூர் ஒன்றிற் காவலிலிருத்தல், நாடு நீங்குதல் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிக என்றபோது, பின்னதையே தெரிந்து மார்செயில்ஸ் நகரை அடைந்து, இளைய இத்தாலி என்னும் சங்கத்தை நிறுவினார்.

அக்காலை இத்தாலி என்றொரு நாடு இருந்ததில்லை. சிற்றரசுகள் பல இருந்தன. வடபுலத்தில் ஒஸ்திரியர் ஆண்டனர். அவை ஒன்றாகி மக்களாட்சியாதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆயின் அவர் மூட்டிய கிளர்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1833இல் அவருடைய ஆருயிர் நண்பர் யாக்கோப்போ ருபினி ஜெனோவாச் சிறையிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தூரத்திலிருந்து திட்டமிட்டு இளைஞரைச் சாவுக்கு அனுப்பினார் என்னும் பழி மாஜினியை இறுதிவரை தொடர்ந்தது. அப்பழி முற்றும் பொய் என்று கூற என்னால் இயலாது. அவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1837இல் இலண்டனை அடைந்தவர் வறுமையால் மேலாடையையும் பாதணியையும் ஈடுவைத்தார். அந்நகர வீதிகளில் இத்தாலியச் சிறுவர் பலர் இசைப்பெட்டி சுழற்றி இரந்து திரிந்தனர். கிராமங்களிலிருந்து அவர்களை அழைத்துவந்த முதலாளிமார், ஈட்டிய காசைப் பறித்துக்கொண்டு பட்டினியும் அடியும் கொடுத்தனர். அச்சிறுவர்க்கென 1841இல் ஹற்றன் கார்டன் பகுதியில் இலவச இராப்பள்ளி ஒன்றை மாஜினி தொடங்கினார். எழுத்து, எண், பூமிசாத்திரம் முதலியன ஆங்குக் கற்பிக்கப்பட்டன. ஞாயிறுதோறும் அவரே நின்று சரித்திரம் போதித்தார். பேரரசுகள் அஞ்சிய ஒருவர், பகலெல்லாம் தெருவிற் களைத்துத் தூங்கி விழும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி நின்ற காட்சி எனக்குப் பெரிதாகப்படுகின்றது. ஆசிரியன் என்பதனால் எனக்குள்ள சார்பு இதுவென்று வாசகர் கொள்ளினும் கொள்க.

1844இல் ஆங்கில அரசு அவர்தம் கடிதங்களை இரகசியமாகப் பிரித்துப் படித்தது வெளிப்பட, நாடாளுமன்றமே கொந்தளித்தது. 1849இல் உரோமாபுரியிற் குடியரசு எழுந்தபோது ஆட்சித் தலைவர் மூவருள் ஒருவரானார். அதிகாரம் கைக்கு வந்தும் எளிய உணவும் எளிய உறையுளுமாகவே வாழ்ந்தார். சில திங்களிற் பிரெஞ்சுப் படை அக்குடியரசை அழித்தது. மீண்டும் பரதேச வாசம்.

1852இல் தாயார் ஜெனோவாவிற் காலமானார். இருபதாண்டுக்கு மேலாகக் கடிதமும் பொருளும் அனுப்பி மகனைத் தாங்கியவர் அவர். மகன் அப்போது இலண்டனில் இருந்தார். தண்டனை தலைமேலிருக்க, ஈமக்கடனுக்கு வருதல் இயலவில்லை.

1861இல் இத்தாலி ஒன்றாயிற்று. ஆனால் அரசனுக்கு உரியதாயிற்று. 1866இல் மெசீனா மக்கள் மாஜினியைப் பிரதிநிதியாகத் தெரிந்தபோது, மரணதண்டனை பெற்றவர் என்று அத்தேர்தலைச் செல்லாததாக்கினர். மக்கள் மீளவும் தெரிந்தனர். முடிவில் இசைவு கிடைத்தபோது, அரசனுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மனமின்றி அவரே மறுத்துவிட்டார். 1870இல் பலெர்மோத் துறைமுகத்திற் கைதானார். நாங்கள் கப்பலேறிய துறைமுகம் அதுவே. 1872 மார்ச் 10ஆந் திகதி பீசா நகரில், ரொசெல்லி குடும்பத்தார் இல்லத்தில், பிறவுண் என்னும் ஆங்கிலப் பெயரில் மறைந்து வாழ்ந்தபடியே உயிர் நீத்தார். தாம் கனவுகண்டு ஆக்கிய நாட்டிலே தம் பெயரைச் சொல்லிச் சாகவும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் விரும்பிய குடியரசு, 1946 யூன் 2ஆந் திகதி மக்கள் வாக்கினால் வந்தது.

பூதவுடல் ஜெனோவாவுக்குக் கொணரப்பட்டபோது பெருங்கூட்டம் திரண்டது. தாயாரின் சமாதி உள்ள அதே சேமக்காலையில், அதன் அயலிலேயே அவரையும் வைத்தனர்.

இவையெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே சென்றேன். மாஜினியின் தூண்களருகே அவன் சிறிதுநேரமே நின்றான். மரியா திராகோவின் சமாதிமுன் நெடுநேரம் நின்றான். என் தமக்கையார் ஊரிற் காலமானபோது, பிரயாணப் பத்திரங்கள் கைக்கு வராமையால் அவனால் வர இயலவில்லை. கொள்ளி வைத்தவன் நான். அதுபற்றி நாங்கள் இருவரும் அதுகாறும் பேசியதில்லை. சரிவில் இறங்கி வருகையில், அம்மா இறுதியாக என்ன கேட்டார் என்று வினவினான். பஸ்வண்டி வரும்வரை ஆற்றங்கரையில் நின்று சொன்னேன்.