காந்தியடிகளின் உணவு நோன்பு

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குசராத்தின் போர்பந்தரில் வைணவ வணிகர் குடியில் பிறந்தார். சமணத் துறவியர் அடிக்கடி வந்து உணவு ஏற்றுச் செல்லும் இல்லம் அது. அன்னையார் புத்லிபாய் நோன்பில் உறுதி மிக்கவர். ஒரு மழைக்காலத்தில் கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என நோன்பு பூண்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று மேகம் விலகக் காத்திருப்பர். ஞாயிறு தோன்றியதும் ஓடிச் சென்று அறிவிப்பர். அன்னையார் வெளியே வருவதற்குள் அது மறைந்துவிடும். அவர் மனம் வாடாது மீண்டும் இல்லப் பணிக்குத் திரும்புவார். இக்காட்சி சிறுவனின் நெஞ்சில் நிலைத்தது.

எனினும் இளமையில் அவர் தவறவும் செய்தார். புலால் உண்டால் வலிமை பெருகும் என்ற நண்பரின் பேச்சை நம்பி, ஏறத்தாழ ஓராண்டில் சில முறை மறைவாகப் புலால் உண்டார். அந்நாள்களில் இரவுணவு வேண்டாமைக்கு அன்னையிடம் பொய்க் காரணம் கூற நேர்ந்தது. அப்பொய்யே அவரை வருத்தியது. பெற்றோர் வாழும் நாள்வரை புலால் உண்பதில்லை எனத் தமக்குள் உறுதி செய்துகொண்டார்.

1888இல் சட்டம் பயில இலண்டன் செல்ல முற்பட்டபோது அன்னையார் அஞ்சினார். அந்த அச்சத்தைத் தீர்த்தவர் குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்த பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மங்கை, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதிமொழியை அவர் முன்னிலையில் இளைஞர் ஏற்றார். அதன் பின்னரே அன்னையார் இசைவு தந்தார்.

இலண்டனில் அவர் முதலில் அரைவயிற்றோடு வாழ்ந்தார். ரொட்டியும் வெந்த கீரையுமே கிடைத்தன, அவையும் போதவில்லை. நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து தேடி, ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். அங்கு விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்தார். அதுவரை வாக்குறுதிக்காகப் புலால் தவிர்த்தவர், அன்றுமுதல் தம் அறிவு ஏற்றதால் தவிர்த்தார். ஊரிலிருந்து வருவித்த இனிப்புகளையும் காரப் பொருள்களையும் நிறுத்தினார். முன்பு சுவையற்றிருந்த வெந்த கீரை இப்போது இனித்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என அறிந்தார்.

அப்போது ஒரு சோதனை நேர்ந்தது. முட்டை புலாலாகாது என்று சிலர் வாதிட்டனர். அதனை நம்பிச் சில நாள் உண்டார். பின்னர், உறுதிமொழி பெற்ற அன்னையார் புலால் என்பதில் முட்டையையும் அடக்கியே கருதியிருப்பார் என்பதை உணர்ந்து விட்டொழித்தார். வாக்குறுதியின் பொருளைக் கொடுத்தவர் தம் வசதிக்கேற்ப மாற்றலாகாது, பெற்றவர் எவ்வாறு புரிந்துகொண்டாரோ அதுவே பொருள் என்பது அவர் கண்ட முடிவு. அதன்பின் மரக்கறி உணவகத்திலும் பணியாளரை அழைத்து, இப்பண்டத்தில் முட்டை கலந்துள்ளதா எனக் கேட்டறிந்தே உண்டார். இதனால் முன்பு உண்டுவந்த பல பண்டங்களை இழந்தார். ஆனால் மனத்தெளிவு பெற்றார்.

1891இல் தாயகம் திரும்பியபோது மும்பையில் ஸ்ரீமத் இராஜசந்திரரைச் சந்தித்தார். முத்தும் வைரமும் வணிகம் செய்தபடியே ஆன்ம சிந்தனையில் ஆழ்ந்திருந்த அச்சமணப் பெரியாரின் தொடர்பு காந்தியடிகளின் வாழ்வை வழிநடத்தியது. சிகாகோ சர்வசமயப் பேரவையில் பின்னாளில் சமணத்தின் சார்பில் பேசிய வீர்சந்த் காந்தியும் மும்பையில் அவருடைய உணவு ஆய்வுகளில் பங்கேற்றார்.

தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வுகள் எல்லாம் வெற்றி பெறவில்லை. ஊறவைத்த பச்சைக் கோதுமையை உண்டு வாழ முயன்று உடல் தளர்ந்தபோது, பிடிவாதமின்றி அதனைக் கைவிட்டார். ஜோகன்னஸ்பர்க் இல்லத்தில் கைத்திருகை வாங்கி, வீட்டிலேயே கோதுமை அரைத்து ரொட்டி செய்வித்தார். 1908இல் சிறை சென்றபோது, கதிரவன் மறையுமுன் கைதிகள் உணவை முடிக்க வேண்டும் என்ற விதியைக் கண்டார். தேநீரும் அங்கில்லை. பிறர் கட்டாயத்தால் செய்வதை விருப்பத்தோடு செய்தால் அது நோன்பாகும் என எண்ணி, விடுதலைக்குப் பின் தேநீரை விட்டார். பொழுது சாயுமுன் உண்பதையும் பழக்கமாக்கினார்.

கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது உப்பும் பருப்பும் நீக்குமாறு அவரை வேண்டினார். உங்களாலும் அவற்றை விட இயலாது என்று அம்மையார் மறுமொழி கூறினார். அந்நொடியே காந்தியடிகள் ஓராண்டுக்கு இரண்டையும் துறந்தார். அம்மையார் கலங்கி, தாமே விட்டுவிடுவதாகக் கூறி, நோன்பைக் கைவிடுமாறு மன்றாடினார். அவர் இசையவில்லை. கணவரின் நோன்பு அம்மையாருக்குக் கண்ணீரைத் தந்தது என்பதையும் இவ்விடத்தில் மறைத்தல் கூடாது.

1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் பாலைத் துறந்தார். பால் புலன்களைத் தூண்டும் என இராஜசந்திரர் முன்பே கூறியிருந்தார். கறவை மாடுகள் படும் கொடுமையும் அவரை வருத்தியது. 1915இல் ஹரித்வார் கும்பமேளாவின்போது மற்றொரு நோன்பு பூண்டார். தாம் சென்ற இடமெல்லாம் விருந்தளிப்போர் பலவகைப் பண்டங்கள் சமைத்துச் செலவிடுவதைக் கண்டு, இந்தியாவில் ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என உறுதி கொண்டார். நோயுற்றாலும் விலக்கில்லை, உண்ணும் மருந்தும் ஐந்தில் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

1918இல் சீதபேதியால் இறப்பின் விளிம்புவரை சென்றார். பால் இன்றித் தேறுதல் அரிது என மருத்துவர் கூறினர். வெள்ளாட்டுப் பாலுக்குத் தடையில்லையே எனக் கஸ்தூரிபா நினைவூட்டினார். நோன்பேற்றபோது தம் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும் மட்டுமே என்பதைப் பற்றிக்கொண்டு காந்தியடிகள் அதனைப் பருகினார், உயிர் பிழைத்தார். முட்டை வாதத்தில் சொல்லை விடுத்துப் பொருளைக் காத்தவர், இங்கே பொருளை விடுத்துச் சொல்லைக் காத்தார். தாம் தளர்ந்ததை அவர் எவரிடமும் மறைக்கவில்லை. தன் வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார். அவ்வுறுத்தல் அவரைவிட்டு நீங்கவேயில்லை.

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார். குறைத்துண்ணல், உண்பொருளை எண்ணி வரையறுத்தல், சுவை துறத்தல் ஆகியவற்றைப் புறத்தவங்களாகவும், இரவுணவு விலக்கைச் சாவகர் ஒழுக்கமாகவும் நம் அறநூல்கள் வகுத்துள்ளன. வேறு நெறியில் பிறந்த ஒருவர் அவற்றை ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு முடிவாகப் பயின்று தமதாக்கிக்கொண்டார். தவறியபோது தவறு என ஒப்பினார், ஒவ்வாததை விட்டார், ஒத்ததைத் தொடர்ந்தார். பிறவியிலேயே இந்நெறி வாய்த்த நம் இல்லங்களில், மாலை விளக்கேற்றுமுன் இலை போடும் வழக்கம் இன்னும் எத்தனை வீடுகளில் உள்ளது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். விட்டுப்போயிருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது அதனை மீண்டும் தொடங்குவது அரிதன்று.