பசி திறந்த பள்ளி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

மக்கள் திலகம் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுத இனியும் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவருடைய வாள்வீச்சையும் வெள்ளைத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் பற்றிப் பேச என்னிலும் தகுந்தோர் ஊர்தோறும் தேநீர்க் கடைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து வயது நிரம்பாத ஏழைப் பிள்ளைக்காகவும் அரசாங்கம் தன் கருவூலத்தைத் திறக்க வேண்டும் என்று அவர் 1982-ஆம் ஆண்டில் எடுத்த முடிவே அது. அதன் வேரைத் தேடினால் அவருடைய வாழ்வின் முதல் ஏழு ஆண்டுகளுக்குப் போகவேண்டியிருக்கிறது.

இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தார். தந்தை மருதூர் கோபாலமேனன், தாய் சத்தியபாமா. நடை பழகிய பருவத்திலேயே தந்தையை இழந்தார். பிழைப்புத் தேடி அக்குடும்பம் கும்பகோணம் வந்து சேர்ந்தது. தாயின் உழைப்பு ஒன்றே வருவாய். அண்ணன் சக்கரபாணியும் அவரும் ஆனையடிப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். மூன்றாம் வகுப்போடு தம்பியின் படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் பாடம் கிடைத்தது. ஆனால் சோறு கிடைக்கவில்லை. நாடகக் கம்பெனியிலோ சோறும் படுக்க இடமும் உண்டு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் பிள்ளைகளை அனுப்பிய அந்தத் தாய் கலையை வளர்க்கவா அனுப்பியிருப்பார்? அவர்களை உயிரோடு காக்கவே அனுப்பினார் என்று கொள்வதுதான் பொருத்தம். பசியால் வாடிய ஒரு நாளில் பக்கத்து வீட்டுப் பெண்மணி தந்த கஞ்சியால் பிழைத்ததைப் பிற்காலத்தில் முதலமைச்சராக இருந்தபோது அவரே நினைவுகூர்ந்தார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளை நாடறியும். ஆதலால் விரைந்து கடக்கிறேன். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் சிறு வேடம். பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 1947-ல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகன். 1958-ல் சொந்தப் படமான 'நாடோடி மன்னன்'. 1953-ல் தி.மு.கழகத்தில் சேர்ந்தார். 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். 1972-ல் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் அ.தி.மு.க.வைத் தொடங்கி, 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். 1980-ல் ஆட்சி கலைக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மீண்டும் வென்று வந்தார்.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறிடுவது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1920-லேயே பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதனைத் தொடங்கியது. காமராசர் 1950-களில் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். இவற்றின் பெருமை குறையாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோற்றுக்கு உரியவர் பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதிவேடே கிடையாது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-லிருந்து சில ஆண்டுகள் சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் அவர் முறையில் நடந்த பள்ளிகள் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே எட்டின. 1945-ல் தாராபாய் மோடக் என்னும் அம்மையார் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்னும் பெயருக்கு முற்றம் என்றே பொருள். இது தேசத் திட்டமாக மாற முப்பது ஆண்டுகள் ஆயின. 1975 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாடு முழுவதற்கும் சேர்த்து 33 இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கியது. காமராசர் கண்மூடியதும் அதே நாளில்தான்.

இந்த நிலையில்தான் 1982 ஜூலை முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெரும்பாலோர் இதனைப் பள்ளிக்கூடத் திட்டம் என்றே எண்ணுகின்றனர். முதல் நாளிலிருந்தே அதற்கு இரு கைகள் இருந்தன. ஒரு கை ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு; மற்றது இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு. இவர்களுக்கு உட்கார இடமே இல்லாததால் ஊர்தோறும் குழந்தைகள் நல மையங்களைத் திறக்க வேண்டியதாயிற்று. சில ஊர்களில் முன்பே பால்வாடிகள் இருந்தன. மற்ற ஊர்களில் சாவடியும் கூரைக் கொட்டகையும் மையங்களாயின. செப்டம்பர் 15-ல் நகரங்களுக்கும், 1984 செப்டம்பரில் பதினைந்து வயதுவரை உள்ள மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உண்டனர்.

பணம் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் தேவைப்பட்டது. அன்றைய கணக்கில் அது மலைக்க வைக்கும் தொகை. டெல்லியில் திட்டக்குழுவினர் தயங்கினர். தொழிற்சாலைக்கும் அணைக்கும் போகவேண்டிய பணம் சோற்றுக்குப் போகிறது என்றும், வாக்குகளுக்காகச் செய்யும் வித்தை என்றும் பத்திரிகைகள் எழுதின. முதலமைச்சரோ மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்தே தொடங்கிவிட்டார். இங்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். திரையில் மது அருந்துவதைப் பெரும்பாலும் தவிர்த்த எம்.ஜி.ஆரின் ஆட்சியில்தான் 1981-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன. ஏழைகளின் குடியிலிருந்து எடுத்த வரியே ஏழைகளுக்கான திட்டங்களுக்குப் பயன்பட்டது என்று ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் பின்னாளில் வாதிட்டார். தந்தை சாராயக்கடையில் வைத்த காசு மகனுக்குச் சோறாகத் திரும்பியது என்றால், இடையில் அந்தத் தாய் பட்ட பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? 1987 ஜனவரி முதல் நாள் அக்கடைகளை அவரே மூடினார்.

இருந்தும் அந்தச் செலவு வீண் என்று என்னால் ஒருபோதும் ஒப்ப முடியாது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் வரும் மேல்மலையனூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல். நடவுக்கும் களை பறிக்கவும் மல்லாட்டை ஆயவும் விடியலில் தாய்மார் போய்விடுவர். கைக்குழந்தையை யார் பார்ப்பது? வீட்டின் மூத்த பெண்தான். என் பெரியம்மா அப்படி மூன்று பிள்ளைகளை இடுப்பில் சுமந்தே வளர்ந்தவர். இன்றும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். கடைக்குட்டியான என் அம்மாவுக்கு மூன்று வயது நிரம்பியபோது ஊரில் மையம் வந்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு திரிய ஒரு அக்காள் தேவைப்படவில்லை. அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் ஆள் நான். பள்ளி வயதை எட்டாத பிள்ளைக்குச் செய்த செலவு பள்ளி வயதுப் பெண்ணை வகுப்பறைக்கு அனுப்பியது என்னும் இக்கணக்கை எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லலாம்.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். மையத்தின் உதவியாளருக்கும் ஆயா என்பதே பெயர். ஆகையால் அவர் ஊருக்கே பாட்டியாகிப் போனார். கணவனை இழந்த பெண்கள் பலருக்கு இவ்வேலை கிடைத்தது. முதல் சில மாதங்கள் ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தார்கள் என்றும், குழந்தைகளே அந்த வரிசையைக் குலைத்துவிட்டார்கள் என்றும் அம்மா சொல்வார். எல்லா ஊரிலும் அப்படிக் குலைந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

குறை எங்கே என்றால், பணமும் கவனமும் பெரும்பாலும் அரிசியின் பின்னால் போயின. அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று கணக்கு இருந்தது. எத்தனை மணி நேரம் பாட்டும் கதையும் எண்ணும் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு தராசு இல்லை. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கருவுற்ற பெண்களின் வீடுகளுக்குப் போவது, சோறு போடுவது எல்லாம் முடிந்து மிஞ்சிய நேரமே படிப்புக்கு. சம்பளத்தையும் மதிப்பூதியம் என்றே அழைத்தனர். அதே ஆட்சியில், 1980-களின் நடுவில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறக்க வழிவிடப்பட்டது. கீழ்ப்படியில் அரசே செலவழித்தது. மேற்படியை விலைக்கு விட்டது. இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதை அவர்மீது அன்புள்ளோரும் மறத்தலாகாது.

1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதுபட்டு அவர் நோயுற்றார். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே டிசம்பர் தேர்தலில் வென்றார். ஊர் ஊராக வாக்குக் கேட்க அவர் வரவில்லை. என்றாலும் நாள்தோறும் நண்பகலில் அவர் பெயரால் ஒரு தட்டு வந்துகொண்டிருந்தது. 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

அவருக்குப் பின் வந்த எவரும் அந்தத் தட்டை எடுத்துவிடத் துணியவில்லை. வித்தை என்று சொல்லப்பட்ட திட்டத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1989-ல் கலைஞர் ஆட்சி இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. மையங்கள் மெல்ல மெல்ல மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து அங்கன்வாடிகளாயின. இன்று மாநிலத்தில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. படிப்புப் பக்கம்தான் தடுமாற்றம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-ல் அங்கிருந்த ஆசிரியர்களைத் திருப்பி அழைக்க முடிவாயிற்று. எதிர்ப்பு எழவே வகுப்புகள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

கணித மாணவன் என்பதால் ஒரு சோதனையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திக் முரளிதரன் முதலான பொருளியலறிஞர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் அவற்றில் பாதிக்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை அமர்த்திப் பார்த்தனர். சுமார் பதினெட்டு மாதங்களில் அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினர், ஊட்டக்குறைவும் குறைந்தது. அமெரிக்காவில் 1962-ல் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 123 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கி, அவர்கள் நாற்பது வயதாகும் வரை பின்தொடர்ந்து கண்ட முடிவும், இளமையில் செய்த செலவு பன்மடங்காகத் திரும்புகிறது என்பதே.

எங்கள் ஊர் மையத்தில் இப்போதும் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். காலை எட்டரைக்கு மஞ்சள் வேன் வந்து ஒலி எழுப்பும். கட்டணம் கட்டுவோரின் பிள்ளைகள் கழுத்துப்பட்டையோடு அதில் ஏறிப் போவர். மீதிப் பிள்ளைகள் பத்து மணிக்கு மையத்துக்கு வருவர். கூலி வேலைக்குப் போகும் தாய்மார் போகிற வழியில் இறக்கிவிட்டுச் செல்வர்.