அவநம்பிக்கையை வென்ற ஜான் பனியன்

(இரண்டாமாண்டு, இளங்கலைத் தமிழ்)

காலில் முள் தைத்தால் உடனே பிடுங்கி எறிகிறோம். ஆனால், நம்மால் ஆகாது என்னும் எண்ணம் மனத்தில் தைத்துவிட்டால் அதனைப் பிடுங்க மறந்துவிடுகிறோம். அதற்கு நாள்தோறும் நீர் வார்த்து முள்மரமாகவே வளர்த்துவிடுகிறோம். சென்ற ஆண்டு நானும் அவ்வாறு ஒரு மரத்தை வளர்த்தேன். முதற் பருவத் தேர்வில் ஆங்கிலம் உட்பட இரண்டு தாள்களில் தோல்வியுற்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் எவரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. என் மனம்தான் ஓயாமல் பேசியது. படிப்பு உனக்கு ஒத்து வராது, ஊரைப் பார்த்துப் போ என்று அது இரவும் பகலும் ஓதிக்கொண்டிருந்தது.

அந்நாட்களில் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி வகுப்பில் விளக்கினார். 1894-இல் வெளிவந்த அக்காப்பியத்திற்கு மூலமாக அமைந்தது ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய கதை என்றும், அதை எழுதியவர் பழைய பாத்திரங்களுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர் என்றும் கூறினார். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துருத்தியும் ஈயமும் நவச்சாரமும் சுமந்து ஊர் ஊராகச் சென்று பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர் என் பாட்டனார். அன்று மாலையே நூலகத்திற்குச் சென்று பனியனைத் தேடத் தொடங்கினேன். நான் பிறந்தது கிறித்தவக் குடும்பத்தில் அன்று. ஆயினும் அவரது வாழ்க்கை என்னைப் பற்றிக்கொண்டது. நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இளமையும் இழப்பும்

இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கு அருகில் உள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு பனியன் பிறந்தார். தந்தையின் தொழிலே மகனுக்கும் வாய்த்தது. எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ளும் அளவே கல்வி கிட்டியது. 1644-இல் தாய் இறந்தார். அடுத்த மாதமே தங்கையும் இறந்தாள். அதே ஆண்டில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அரசருக்கும் நாடாளுமன்றத்திற்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பதினாறு வயதுப் பனியன் நாடாளுமன்றப் படையில் சேர்ந்தார். ஒருமுறை முற்றுகை ஒன்றிற்கு அவர் போக வேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாகத் தானே செல்வதாக வேறொரு வீரன் முன்வந்தான். சென்ற இடத்தில் காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து அவன் மாண்டான். தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி பனியனின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

படையிலிருந்து திரும்பிய பின் திருமணம் நடந்தது. மணமக்களின் வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும் கூட இல்லாத வறுமை. மனைவி கொண்டுவந்த சீதனம் அவளுடைய தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. அவற்றை இருவரும் சேர்ந்து படித்தனர். முதல் குழந்தை மேரி கண்பார்வை இன்றிப் பிறந்தாள்.

எண்ணங்களின் சிறை

பக்தி நூல்களைப் படித்த பனியனுக்கு முதலில் வந்தது அமைதியன்று, அச்சமே. ஆலய மணி அடிப்பதில் அவருக்குப் பெரு விருப்பம். அது வீண் விளையாட்டு என்று மனச்சான்று உறுத்தவே, அடிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க மட்டும் சென்றார். மணி அறுந்து தலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. உத்தரத்தின் அடியில் ஒதுங்கி நின்றார். மணி சுவரில் மோதித் திரும்பித் தம்மைத் தாக்கலாமே என்று தோன்றியது. கோபுர வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே இடிந்து விழுந்தால் என்று அடுத்த நினைப்பு எழுந்தது. அதன்பின் அங்கு நிற்கவே அஞ்சி ஓடிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. ஒரு தாளில் தோற்றவன் அடுத்த தாளிலும் தோற்பேன் என்று எண்ணி, பின்னர் வாழ்விலேயே தோற்றதாக முடிவு கட்டுவதும் இதே நடைதான் அன்றோ?

தொழில் நிமித்தம் பெட்போர்டுக்குச் சென்ற ஒருநாள், ஒரு வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி மூன்று நான்கு ஏழைப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். கடவுள் தங்கள் உள்ளத்தில் செய்த மாற்றத்தைப் பற்றி அவர்கள் மகிழ்ச்சியோடு பேசினார்கள். அந்த மகிழ்ச்சி தமக்கு இல்லையே என்று ஏங்கினார். அவர்களுடைய சபையின் போதகர் ஜான் கிஃபோர்டு அவருக்கு வழிகாட்டியானார். ஆயினும் ஐயம் விடவில்லை. தமக்கு விசுவாசம் உண்டா என்று சோதிக்க, சாலையில் தேங்கிய நீரை வற்றிப்போகும்படி கட்டளையிட ஒருமுறை துணிந்தார். வற்றாவிட்டால் தம் கதி என்ன என்ற பயத்தில் அதையும் கைவிட்டார்.

இதனினும் கொடிய சோதனை பின்னர் வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் ஓர் எண்ணம் ஏறத்தாழ ஓராண்டுக்காலம் அவரைத் துரத்தியது. உண்ணும்போதும், கத்தி எடுத்து ஏதேனும் நறுக்கும்போதும் அது வந்து நின்றது. மாட்டேன், மாட்டேன் என்று மறுத்து மறுத்துக் களைத்த ஒரு காலைப்பொழுதில், போகட்டும் என்று மனம் ஒரு கணம் தளர்ந்தது. அவ்வளவுதான். பிறப்புரிமையை ஒருவேளைச் சோற்றுக்கு விற்ற ஏசாவைப் போலத் தாமும் மன்னிப்புக்கு அப்பாற்பட்டவர் என்று நம்பி, இரண்டாண்டுகளுக்கும் மேலாக இருளில் உழன்றார்.

இருள் எவ்வாறு விலகியது? மன்னிப்பைப் பற்றி வேதாகமம் கூறும் வாக்குறுதிகள் ஒவ்வொன்றாக அவர் நினைவில் பதிந்தன. பலவீனனுக்கும் கடவுளின் கிருபை போதும் என்று பவுல் பெற்ற ஆறுதலைத் தமக்கும் உரியதாக ஏற்கப் பழகினார். ஏசாவின் கதையும் கிருபையின் வாக்கும் தராசுத் தட்டுகள் போல ஏறியும் இறங்கியும் அவர் மனத்தில் போராடின. இறுதியில் வயல்வெளியில் நடந்து செல்கையில் ஓர் உண்மை பளிச்சிட்டது. தம்மை நீதிமானாக்குவது தம் மனநிலை அன்று. கிறிஸ்துவே தம் நீதி, அவர் விண்ணில் இருக்கிறார். ஆகவே மனம் மகிழ்ந்திருந்தாலும் வாடியிருந்தாலும் அந்த நீதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பனியனின் விலங்குகள் கழன்றது அந்தத் தெளிவில்தான்.

பன்னிரண்டு ஆண்டுச் சிறை

பனியன் போதிக்கத் தொடங்கினார். பாமர மக்கள் திரண்டு வந்தனர். 1658-இல் முதல் மனைவி இறந்தார். நான்கு குழந்தைகளுக்கும் தாயாக எலிசபெத் என்னும் இளம்பெண் 1659-இல் வாழ்க்கைப்பட்டார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசுத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் போதித்த குற்றத்திற்காக அவ்வாண்டு நவம்பரில் பனியன் கைது செய்யப்பட்டார். அந்த அதிர்ச்சியில் எலிசபெத்துக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. ஆயினும் அவர் 1661-இல் நீதிபதிகள் முன் தனியே நின்று கணவருக்காக வாதாடினார். பயன் இல்லை.

இனிப் போதிக்க மாட்டேன் என்று வாக்களித்திருந்தால் பனியன் வீடு திரும்பியிருக்கலாம். அவர் வாக்களிக்கவில்லை. பெட்போர்டுச் சிறையில் 1672 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்திற்குக் காசு அனுப்பினார். பார்வையற்ற மகளின் நினைவே அவர் நெஞ்சை மிகுதியாக அறுத்தது.

தொடக்கத்தில் தூக்குமேடை வரை செல்ல நேரிடும் என்ற அச்சம் வந்தது. அப்போது பழைய இருளும் திரும்பி வந்தது. ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி, முகம் வெளிறி, தம் விசுவாசத்திற்கே இழுக்குத் தேடிவிடுவோமோ என்று கலங்கினார். வேண்டியும் ஆறுதல் வரவில்லை. அப்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கடவுள் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும் தாம் அவரை விடுவதில்லை என்பதே அம்முடிவு. அதன்பின் மனம் உறுதி பெற்றது. பனியன் வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது இந்த இடத்தைத்தான். கலக்கம் தீர்ந்த பிறகு நடக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, கலக்கத்தோடேயே நடந்தார்.

நெஞ்சில் இருந்த சாவி

தம் மனப் போராட்டங்களை எல்லாம் ஒளிக்காமல் 1666-இல் ஒரு நூலாக வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ 1678-இல் வெளிவந்தது. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் வழங்குவது இதுவே. அதில் கிறிஸ்தியான் என்னும் பயணியும் அவன் தோழனும் வழி தவறி, ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிக்குகின்றனர். அரக்கன் அவர்களை அடிக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்ளவும் தூண்டுகிறான். பொறுத்திரு என்று தோழன் தடுக்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் செபிக்கத் தொடங்குகின்றனர். விடியும் வேளையில், வாக்குறுதி என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததைக் கிறிஸ்தியான் உணர்கிறான். ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் எளிதில் அசையவில்லை. ஆயினும் அதுவும் திறந்துகொள்கிறது.

கடைசிப் பூட்டு கடினமாக இருந்தது என்று எழுத, அதைத் தானே திறந்து பார்த்தவனால்தான் முடியும்.

1688-இல் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பகையைத் தீர்க்கப் பனியன் குதிரையில் சென்றார். திரும்பி இலண்டனுக்குச் செல்லும் வழியில் மழையில் நனைந்து காய்ச்சலுற்று, ஆகஸ்டு 31-இல் மறைந்தார்.

என் கதைக்கு வருகிறேன். தோற்ற இரண்டு தாள்களையும் மீண்டும் எழுதினேன். ஒன்றில் தேறினேன். ஆங்கிலம் இன்னும் நிற்கிறது. என் மனம் பழைய பாட்டைப் பாடுவதை இன்றும் நிறுத்தவில்லை. ஆனால் அது பாடட்டும் என்று விட்டுவிட்டு நான் வகுப்புக்கு வந்துவிடுகிறேன். பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் அதை வீசிவிடாமல் அடைத்துக் கொடுப்பதுதானே என் பாட்டனார் செய்த தொழில், பனியன் செய்த தொழிலும்? வரும் பருவத்தில் ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதுவேன்.