மோசடிக்காரர் என்று ஏசப்பட்ட காப்டன்

1905-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி. இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் ஒரு ரக்பி பந்தயம் நடந்தது. நியூசிலாந்து கோஷ்டி 55 புள்ளி. டெவன் கோஷ்டி 4 புள்ளி. தந்தியில் எண்கள் இடம் மாறி வந்துவிட்டன என்று சில பத்திரிகை ஆபீசுகளில் நினைத்தார்களாம்!

ஜெயித்த கோஷ்டியின் காப்டன் டேவ் காலஹர்.

இளமை

காலஹர் 1873-ல் அயர்லாந்தில் பிறந்தார். 4 வயதில் பெற்றோருடன் கப்பலேறி நியூசிலாந்து போனார். தாய் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1887-ல் அந்தத் தாய் காலமானார். 13 வயதிலேயே காலஹர் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். பிறகு ஆக்லாந்து நகரில் இறைச்சியைப் பதப்படுத்தும் கம்பெனியில் மேஸ்திரி ஆனார்.

1901-ல் தென் ஆப்பிரிக்க யுத்தத்துக்குப் போனார். அப்போது தம் வயதில் 3 ஆண்டைக் குறைத்துச் சொன்னார்.

முன்வரிசை

ரக்பியில் ஆட்டம் தடைப்பட்டால், இரு கோஷ்டியின் பலசாலிகளும் ஆட்டுக்கடாக்களைப் போல் குனிந்து, தோளோடு தோள் சேர்த்துத் தள்ளுவார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். பந்தை நடுவில் உருட்டி விடுவார்கள்.

இன்று முன்வரிசையில் 3 பேர். நடுவில் இருப்பவர் ஹூக்கர். காலைக் கொக்கி போல் வளைத்துப் பந்தைப் பின்னால் இழுப்பது அவர் வேலை. இரு பக்கமும் இருப்பவர்கள் பிராப். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல் ஹூக்கரைத் தாங்கி நிற்பார்கள். பெரும் பாரம் இவர்கள் கழுத்திலும் தோளிலும் இறங்கும். ஓடிப் புள்ளி எடுத்துப் பெயர் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்!

அந்தக் காலத்தில் பிரிட்டனில் யார் முதலில் ஓடி வருகிறாரோ அவர் முன்வரிசையில் தலை கொடுப்பார். நியூசிலாந்தில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. முன்வரிசையில் 2 பேர்தான், இருவரும் ஹூக்கர்கள். ஸ்க்ரம்மில் மொத்தம் 7 பேர். எட்டாவது ஆள் வெளியே நின்று பந்தை உருட்டுவார்.

முதலில் ஹூக்கராக ஆடிய காலஹர், பிறகு அந்த எட்டாவது ஆள் ஆனார். முன்வரிசையின் சூட்சுமம் தெரிந்தவர் பந்தை உருட்டினால் கேட்க வேண்டுமா? பந்து மின்னல் வேகத்தில் அவர் பக்கமே வந்தது. அதைப் பிடிக்க எதிரி ஓடிவந்தால் வழியில் காலஹர் நின்றார்!

இது மோசடி என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. ஜனங்களும் ஏசினார்கள். நியூசிலாந்து முழுவதும் ஆடிய முறைக்கு ஒருவர் மட்டும் ஏச்சு வாங்கியது அநியாயம்தான்.

ஒரே தோல்வி

டிசம்பர் 16-ந் தேதி கார்டிப் நகரில் வேல்ஸ் கோஷ்டியுடன் பந்தயம். ஸ்க்ரம்மில் காலஹர் குற்றம் செய்ததாக நடுவர் திரும்பத் திரும்பத் தண்டித்தார். கடைசியில், பந்துக்காகப் போராட வேண்டாம் என்று தம் ஹூக்கர்களிடமே காலஹர் சொல்லிவிட்டார். வேல்ஸ் 3-0 என்று ஜெயித்தது. காலஹர் வேல்ஸ் வீரர்களைப் பாராட்டினார். அந்தப் பயணத்தில் ஆடியது 35 பந்தயம். தோற்றது இது ஒன்றுதான்.

1932-ல் முன்வரிசைக்கு 3 பேர் என்று விதி வந்தது. எட்டாவது ஆளின் இடமே மறைந்தது. அதைப் பார்க்கக் காலஹர் உயிருடன் இல்லை.

யுத்த களத்தில்

1916-ல் தம்பி டக்ளஸ் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அதே ஆண்டு காலஹரும் பட்டாளத்தில் சேர்ந்தார். கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டில் மனைவியும் சிறு மகளும் இருந்தார்கள்.

1917 அக்டோபர் 4-ந் தேதி பெல்ஜியத்தில் நடந்த தாக்குதலில் சார்ஜண்ட் காலஹர் படுகாயம் அடைந்து, அன்றே இறந்தார். மறு ஆண்டு இன்னொரு சகோதரர் ஹென்றியும் போரில் மடிந்தார்.

பெல்ஜியத்தில் காலஹரின் கல்லறை இருக்கிறது. நியூசிலாந்தின் சின்னமான பெரணி இலையை அதில் செதுக்கியிருக்கிறார்கள். வயது 41 என்று பொறித்திருக்கிறார்கள். உண்மையில் அவருக்கு 43.