முதல் விண்ணப்பம் – டோனாவூர் ஏமி அம்மையார்



இந்த மாத இதழுக்கு ஆளுக்கு ஒரு பெரியவரைப் பத்தி எழுதணும்னு சொன்னதும் காந்தி, காமராசர், கலாம் எல்லாரையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரங்க தானேன்னு நினைக்காதீங்க. 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 55 வருஷம் ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்து இங்கேயே மண்ணானவர். அவர் வாழ்ந்த டோனாவூர் களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. 2019 வரைக்கும் நம்ம திருவேங்கடமும் அந்த ஊரும் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். ஊர்ப் பேர் என்ன இப்படி இருக்குன்னு யோசிக்கிறீங்களா? அந்த ஊர் உருவாகப் பணம் கொடுத்த ஜெர்மனி பிரபு ஒருவரின் பெயர் டோனா. அதனால டோனாவூர்!

ஏமி 1867 டிசம்பர் 16-ல் வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயசில் அவருக்கு ஒரு குறை. அம்மாவுக்கு நீலக் கண், தனக்குப் பழுப்புக் கண். ஒரு ராத்திரி கண்ணை நீலமாக்கும்படி கடவுளிடம் கேட்டுவிட்டுப் படுத்தார். விடிஞ்சதும் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தால் அதே பழுப்பு! பல வருஷம் கழிச்சு நம்ம ஊரில் சேலை கட்டி, காப்பித்தூளால் நிறம் மாற்றிக்கொண்டு, வெள்ளைக்காரர் போக முடியாத இடங்களுக்குப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லாத ஞாயிறு பள்ளியே கிடையாது. ஆனா எனக்கு இதைவிட முக்கியமாத் தெரிஞ்சது வேற.

இளம்பெண்ணாக இருந்தபோது பெல்பாஸ்ட் நகரில் ஆலையில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்காக ஏமி ஒரு தகரக் கூடம் கட்டினார். 1889-ல் அதன் திறப்பு விழா. எல்லாவற்றிலும் கிறிஸ்துவுக்கே முதலிடம் என்ற பொருள் தரும் வேத வசனத்தை அங்கே பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பாடுபட்டுக் கட்டின ஏமியோ மேடையில் ஏறாமல் கூட்டத்துக்கு நடுவில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்தார். நம்ம ஊர்ல ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே உபயம்னு பேரைப் பெரிசா எழுதிடுறோம்!

முதலிடம்னா என்ன? இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடவுளின் பெயர் மகிமைப்பட வேண்டும், அவர் ஆட்சி வர வேண்டும், அவர் சித்தம் நடக்க வேண்டும். அதுக்கப்புறம்தான் அன்றாடச் சாப்பாடு. சாப்பாட்டைக் கேட்கக்கூடாதுன்னு இல்லை. ஆனால் அது வரிசையில் பின்னாடி நிற்கிறது. நாம பரீட்சைக்கு முந்தின நாள் நேரா சாப்பாட்டு வரிக்குப் போயிடுவோம்.

1901-ல் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த நிலையில் தப்பி ஏமியிடம் ஓடி வந்தாள். அப்படித்தான் டோனாவூர்க் குடும்பம் தொடங்கியது. (இதே வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் பாடுபட்டவர்தான் நாம பாடத்தில் படிக்கிற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.) 1913-ல் 130 பெண்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். 1918-லிருந்து ஆண்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இத்தனை வாய்க்கும் சோறு வேண்டும். ஆனாலும் யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டும்தான் சொல்வது என்று வைத்திருந்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்ததா? இல்லை. தொடக்க வருஷங்களில் நோய் பரவிக் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்காகவும் ஜெபம் பண்ணத்தான் செய்தார்கள். இந்த இடத்தைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வைச்சிட்டேன்.

1919-ல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினார். பிறகு ஒப்புக்கொண்டாலும் வாங்கும் விழாவுக்குப் போகவில்லை.

டோனாவூரில் ஆஸ்பத்திரி மிகவும் தேவையாக இருந்த நேரம். நாமா இருந்தா ஆஸ்பத்திரியைக் கட்டிட்டு, மிச்சப் பணத்தில் கோயிலைப் பார்த்துக்கலாம்னு சொல்வோம். இவர்கள் ஜெப வீட்டை முதலில் கட்டினார்கள். 1927-ல் அது முடிந்தது. ஆஸ்பத்திரி அதுக்குப் பிறகுதான் வந்தது. நோயாளி காத்திருக்கும்போது இது சரியா என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்விதான், எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் மனுஷரிடம் கையேந்தப் போவதில்லை. கேட்க வேண்டிய இடத்தைத்தான் முதலில் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

1931 அக்டோபர் 24. அன்று காலை ஏமி ஒரு ஜெபம் செய்தார். சுகம் கேட்கவில்லை, பாதுகாப்பும் கேட்கவில்லை. உமக்கு நான் இன்னும் பயன்படும்படி என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் கேட்டார். அன்று சாயங்காலம் களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்று நினைத்தார்கள். கடைசிவரை எழுந்து நடமாட முடியவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கும் மேல் ஒரே அறை.

எங்க ஆச்சி ரெண்டு வருஷமாக் கட்டில்ல இருக்கா. தீப்பெட்டி ஒட்டின கை, இப்போ டம்ளர் பிடிக்க முடியலை. தினமும் ராத்திரி ஆச்சி எந்திரிக்கணும்னு நாங்க ஜெபம் பண்ணுவோம். ஆனா ஆச்சி பண்ணுற ஜெபத்தில் ஸ்தோத்திரம் முதல்ல வரும், மழை வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்யாணம் வரும், கால்வலி கடைசியில்தான் வரும். சில நாள் அதுக்குள்ள தூங்கிடுவா. அவ கால் சரியாகணும்னு கேட்கிறதை நான் விடப்போறதில்லை. ஏமியும் வலி குறையக் கேட்டவர்தான், அவர் ஒண்ணும் கல் இல்லை.

அந்தக் கட்டிலில் இருந்துதான் அவர் பல புத்தகங்களை எழுதினார். 1933-ல் வந்த ஒன்று நோயாளிகளுக்காகவே எழுதியது. நல்லா இருக்கிறவங்க நோயாளிக்குச் சொல்கிற ஆறுதல் மனசில் ஒட்டுவதில்லை என்று அவருக்குப் பட்டதால், வலியோடு இருக்கும்போதே எழுதிவிட்டார். பிள்ளைகளும் ஊழியர்களும் ஒவ்வொருவராக அந்த அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

1951 ஜனவரி 18-ல் இறந்தார். தன் பெயர் பொறித்த கல் வைக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அந்தத் தொட்டியை நான் நினைச்ச மாதிரி வரைஞ்சு கீழே ஒட்டியிருக்கேன். குருவி மட்டும் கொஞ்சம் பெரிசாயிடுச்சு!

– பதினோராம் வகுப்பு மாணவி